பாரிஸ் காலநிலை ஒப்பந்தம் ஏன் அமெரிக்க செனட் வாக்கெடுப்புக்குப் போகவில்லை?

ஒபாமா அதை ட்ரீட்டியாக எடுத்துக்கொள்ளவில்லை, எக்ஸிக்யூட்டிவ் அக்ரிமென்ட்டாகவே, அதாவது செனட்டின் இசைவு கேட்காமல் அதிபர் செய்துகொள்ளும் ஒப்பந்தமாகவே, ஏற்றார். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற விதி ட்ரீட்டிக்கு மட்டும்தான்.

குழப்பம் நம் மொழியிலிருந்தே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் செய்தித்தாள்கள் இரண்டையும் "ஒப்பந்தம்" என்றே எழுதுகின்றன. நான் ட்ரீட்டியை "உடன்படிக்கை" என்றும் மற்றதை "நிர்வாக ஒப்பந்தம்" என்றும் பிரித்து எழுதிக்கொள்வேன். சர்வதேசச் சட்டத்தின் பார்வையில் இரண்டும் நாட்டைக் கட்டுப்படுத்தலாம். வேறுபாடு அமெரிக்காவின் உள்நாட்டு நடைமுறையில் இருக்கிறது.

ஒரு ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இப்படிப் பாருங்கள்:

1. செனட்டில் மட்டும் வாக்கெடுப்பா? அப்படியானால் உடன்படிக்கை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் உடன்படிக்கை 1919-இல் தோற்றது இங்கேதான்.
2. செனட், பிரதிநிதிகள் சபை என இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மையா? அது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை. 1993-இல் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தமான நாஃப்டா செனட்டில் 61–38 என்று நிறைவேறியது. உடன்படிக்கையாகப் போயிருந்தால் அந்த 61 போதாது! இந்த ஒரு எண்ணிக்கையை நினைவில் வைத்தாலே பாதி விளங்கிவிடும்.
3. வாக்கெடுப்பே இல்லையா? பெரும்பாலும் நிர்வாக ஒப்பந்தம்.

அப்புறம், செனட் "ரேட்டிஃபை" (இறுதியாக உறுதி) செய்கிறது என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். செனட் இசைவு தருகிறது, ரேட்டிஃபை செய்பவர் அதிபர்.

ஒரு எச்சரிக்கை. உடன்படிக்கை என்றால் அதிபரால் விலக முடியாது என்று எண்ண வேண்டாம். ஏவுகணை எதிர்ப்பு அமைப்புகளைக் கட்டுப்படுத்திய, செனட் இசைவு பெற்ற 1972 ஏபிஎம் உடன்படிக்கையிலிருந்து 2002-இல் புஷ் செனட் வாக்கெடுப்பு இல்லாமலே வெளியேறினார்.