அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள்

கேள்வி: காய்ச்சல் மாறி இரண்டு கிழமைகளின் பின், என் 5 வயது மகளின் கால்களில் சிவப்புப் புள்ளிகள் தோன்றின, குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்) குறைந்துள்ளதாக மருத்துவர் கூறினார். ஏன்?
– ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: அம்மா, கண்ணாடிக் குவளையால் அழுத்தினாலும் மறையாத அப்புள்ளிகள், தோலின் கீழ்க் கசிந்த குருதியே. எலும்பின் உள்ளிருக்கும் என்பு மச்சையில் உருவாகி 7 முதல் 10 நாட்கள் வாழும் குருதிச் சிறுதட்டுகள், குருதிக்கலன் கிழிந்தவுடன், உடைந்த வயல் வரம்பில் முதலில் வைக்கும் மண்கட்டியைப் போல, அவ்விடத்தில் ஒட்டி, வடிவம் மாறி, ஏனைய சிறுதட்டுகளையும் சேர்த்து அடைப்பாகின்றன. மைக்ரோலீற்றருக்கு 150,000 முதல் 450,000 வரை இருப்பது வழமை. வைரசுத் தொற்றின் பின் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே இச்சிறுதட்டுகளைத் தாக்குவதுண்டு; அதனால் அவை குறைந்து, குருதி கசிகிறது. சிறுவர்களில் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சீராகும். அஸ்பிரின், ஐபுபுரோபன் கொடுக்காதீர்கள். மூக்கில் குருதி நிற்காவிட்டாலோ கடுந்தலையிடி வந்தாலோ, பப்பாசி இலைச்சாற்றை நம்பிக் காத்திராமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.