ஆப்ப அழிச்சா பில் நிக்காது: இந்த வார கேள்வி-பதில்

கேள்வி (ஹட்டன்): அக்கா, போன்ல இருந்து நெட்பிளிக்ஸ அழிச்சிட்டேன், ஆனாலும் மாசா மாசம் கார்ட்ல சல்லி வெட்டுறாங்க.

பதில்: எக்கவுண்டுக்குள்ள போய் மெம்பர்ஷிப்ப கேன்சல் பண்ணுங்க. ஆப்ப அழிக்கிறது கேன்சல் இல்ல. பாஸ்வேர்டையும் மாத்திருங்க, ஏன்னா கேன்சல் பண்ணின பொறகும் பல மாசம் உங்க விவரம் அவங்ககிட்ட இருக்கும், பாஸ்வேர்ட் தெரிஞ்ச வேற ஆள் திரும்ப ஆரம்பிச்சா பில் உங்களுக்குத்தான்.

கேள்வி (தலவாக்கலை): "பேமெண்ட் பெயில், கார்ட அப்டேட் பண்ணுங்க"னு நெட்பிளிக்ஸ் பேர்ல மெசேஜ் வந்திச்சி. பேரப்புள்ளைங்க கார்ட்டூன் நின்னுருமேனு அம்மா கார்ட் நம்பர், ஓடிபி (பேங்க் போனுக்கு அனுப்புற ஆறு நம்பர் கோட்) எல்லாம் அடிச்சிட்டாங்க. 38,000 ரூபா போயிட்டு. பேங்க்ல "நீங்கதானே குடுத்தீங்க"ங்கிறாங்க.

பதில்: அம்மாவ யாரும் ஏசாதீங்க. ஓடிபி மெசேஜ் இங்கிலீஷ்ல வருது, "யாருக்கும் சொல்லாதீங்க"ங்கிற வரியும் அதே இங்கிலீஷ்லதான், தமிழ் மட்டும் வாசிக்கிற ஆளுக்கு அந்த ஆறு நம்பர் மட்டுந்தான் வெளங்கும், இத பேங்க்காரங்க மொதல்ல திருத்தணும். கார்ட் பின்னாடி இருக்க நம்பருக்கு எடுத்து கார்ட நிப்பாட்டுங்க. முறைப்பாட்ட எழுத்துல குடுத்து, கெடச்சதுனு கையெழுத்து வாங்குங்க. வந்த மெசேஜ் ஒண்ணையும் அழிக்காதீங்க. பேங்க் இழுத்தடிச்சா மத்திய வங்கி 1935. மெசேஜ்ல வந்த அந்த லிங்க பத்தி, இன்டர்நெட் மோசடிய பாக்குற இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தோட 101 நம்பருக்கும் சொல்லுங்க. மெசேஜ்லயோ ஈமெயில்லயோ நெட்பிளிக்ஸ் கார்ட் நம்பர் கேக்கவே கேக்காது.

கேள்வி (பண்டாரவளை): வாட்ஸ்அப்ல ஒருத்தர்கிட்ட 600 ரூபாவுக்கு எக்கவுண்ட் வாங்குனேன். ரெண்டு வாரத்துல பாஸ்வேர்ட் மாறிட்டு.

பதில்: தம்பி, அது யாரோ ஒருத்தர்ட்ட திருடுன எக்கவுண்டா இருக்கும். 2019 நவம்பர்ல நெட்பிளிக்ஸ் மாதிரியே இருக்க டிஸ்னி பிளஸ் ஆரம்பிச்சி சில நாள்லயே ஆயிரக்கணக்கான எக்கவுண்ட் இப்பிடி விலைக்கு வந்திச்சி, நெறைய பேர் வேற எடத்துல கசிஞ்ச பாஸ்வேர்டையே அங்கயும் போட்டிருந்தாங்க. வெல ஏன் இவ்வளவு கொறவுனு வாங்க முன்ன கேட்டிருக்கணும்.

கேள்வி (மஸ்கெலியா): எங்க எக்கவுண்ட்ல தெரியாத பேர்ல புரொபைல் இருக்கு. பாஸ்வேர்ட் மாத்தியும் திரும்ப வாறாங்க. டவுன் கம்யூனிகேஷன் கடையில திறந்து தந்த எக்கவுண்ட்.

பதில்: எனக்கு ஆத்திரமான ஆத்திரம் வர்ற விஷயம் இதுதான். தோட்டத்துல இருந்து சம்பள நாள்ல எறங்கி வர்ற ஆளுக்கு கடையில ஈமெயில் திறந்து குடுக்குறாங்க, ரிக்கவரி நம்பரா (பாஸ்வேர்ட் மறந்தா கோட் வர்ற நம்பர்) கடைக்காரர் நம்பர போடுறாங்க, பாஸ்வேர்ட் வர்ற எல்லாருக்கும் ஒண்ணுதான், பேரும் பொறந்த வருஷமும். அத ரீலோட் கொப்பியில வேற எழுதி வெக்கிறாங்க, கவுண்டர்ல யாரு பொரட்டினாலும் தெரியும். நான் ஒரு டீவி பொக்ஸ் வாங்குனப்ப கடைக்காரரே செட் பண்ணித் தந்தாரு, உள்ள பாத்தா அவரோட ஈமெயில், என் கார்ட்! அத அன்னைக்கே அழிச்சேன்.

நீங்க நெட்பிளிக்ஸ் பாஸ்வேர்ட மட்டும் மாத்துறீங்க, ரீசெட் லிங்க் போறது ஈமெயிலுக்கு, ஈமெயில் யாரு கையிலயோ எக்கவுண்டும் அவங்க கையில. அதனால மொதல்ல ஜிமெயில் செக்யூரிட்டியில ரிக்கவரி நம்பர உங்க நம்பரா மாத்துங்க, ஜிமெயில் பாஸ்வேர்டயும் மாத்தி டூ ஸ்டெப் (பாஸ்வேர்டுக்கு மேல உங்க போன்லயும் உறுதி கேக்குற பூட்டு) போடுங்க. அதுக்கப்புறம் நெட்பிளிக்ஸ்ல புது பாஸ்வேர்ட், கடைசியா எல்லா டிவைஸ்லயும் சைன் அவுட். கடைக்காரர் போன்ல இருந்து செய்யாதீங்க, உங்க போன்லயே செய்யுங்க.

கேள்வி (நுவரெலியா): சம்பளம் விழுற டெபிட் கார்ட போடலாமா?

பதில்: வேணாம். தனி எக்கவுண்ட் ஒண்ணு திறந்து, அந்த மாச பில்லுக்கு மட்டும் சல்லி போட்டு வைங்க.