கான்சஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியை அமெரிக்காவில் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரே தொடங்கிவைத்த அணி அது. முதல் காரணம் அதுதான். 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இரண்டு பழக்கூடைகளை மாட்டி இந்த விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித், 1898-இல் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரிலுள்ள இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேலைக்கு வந்தார். அவர் பயிற்சியில் அணி 55 ஆட்டங்களில் வென்றது, 60-இல் தோற்றது. அவ்வணியின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் இன்றுவரை அவர் ஒருவரே!

அணியை வல்லமை மிக்கதாக வளர்த்தவர் அவருடைய மாணவர் ஃபாக் ஆலன். 1952-இல் கல்லூரி அணிகளுக்கான தேசியப் பட்டம் வந்தது. பிறகு 1988, 2008, 2022. 2022 இறுதியாட்டத்தில் இடைவேளையின்போது 15 புள்ளிகள் பின்தங்கியிருந்து 72-69 என வென்றார்கள். அப்படியொரு மீட்சி இறுதியாட்ட வரலாற்றிலேயே கிடையாது.

ஆனால் என்னைக் கேட்டால், உண்மையான ஈர்ப்பு 1955-இல் திறக்கப்பட்ட, அணியின் சொந்தக் களமான ஆலன் அரங்கம்தான். எதிரணி வீரர்களின் பெயர்களை அறிவிக்கும்போது மாணவர்கள் அவர்களைப் பார்க்காமல், செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் படிப்பதுபோல் நிற்பார்கள். தங்கள் அணி வந்ததும் அதே தாள் துண்டு துண்டாகக் கிழிந்து காற்றில் பறக்கும். வெற்றி உறுதியானதும் 'ராக் சாக், ஜேஹாக்' (ஜேஹாக் என்பது அணியின் செல்லப்பெயர்) என்ற முழக்கம் மெல்ல இழுத்து, ஏறக்குறைய வழிபாட்டுப் பாடலைப்போல எழும். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குரல்கள் சேரும்போது உடல் சிலிர்க்கும். நைஸ்மித் தட்டச்சு செய்த மூல விதிகளின் இரண்டு தாள்களும் இன்று அந்த அரங்கத்தை ஒட்டிய கட்டடத்தில்தான் இருக்கின்றன.