போர்முனையில் டாக்டர்கள்: கேள்விகளும் பதில்களும்

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில், ராணுவ மருத்துவப் படையின் நர்சிங் அசிஸ்டன்டாக வேலை பார்த்தவன் நான். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

சண்டைக்கு நடுவே பல் டாக்டருக்கு என்ன வேலை ஐயா? அப்போது யார் போய்ப் பல் பிடுங்கிக்கொள்வார்கள்?

சண்டை தொடங்கும் முன்பே அவரிடம்தான் கூட்டம், தம்பி. சொத்தைப் பல்லோடு ஒருவனை முன்னே அனுப்பினால், ராத்திரிக் காவலில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மடக்கு நாற்காலி, காலால் மிதித்து ஓட்டும் துளைக்கும் மெஷின், கிராம்பு எண்ணெய் கலந்த தற்காலிக அடைப்பு, இவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி. மிதிக்கிறவன் கொஞ்சம் அசந்தால் ஊசி பல்லுக்குள்ளேயே நின்றுவிடும். அப்போது நாற்காலியில் இருப்பவர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

சண்டை தொடங்கிவிட்டால் அவர் வேலை தாடைக் காயங்கள். கீழ்த்தாடை நொறுங்கினால் நாக்குக்குப் பிடிமானம் போய்விடும். அந்த ஆளை வழக்கம்போல மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு பின்னால் சரிந்து, ரத்தமும் தொண்டையில் இறங்கி, மூச்சடைத்தே செத்துப்போவான். குப்புறப் படுக்கவைத்து நெற்றிக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். நினைவிருந்தால் உட்காரவைத்து முன்னால் குனியச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களை எங்கள் டென்டல் ஆபீசர் இதற்காகவே பிடித்து உட்காரவைத்துப் பாடம் நடத்துவார்.

பிறகு மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் எஃகுக் கம்பியால் சேர்த்துக் கட்டுவார். பின்னால் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது கம்பி வெட்டும் குறடு ஒன்று அந்த ஆளோடு கண்டிப்பாகப் போகும். வழியில் வாந்தி வந்தால் உடனே கம்பியை வெட்டி வாயைத் திறக்க வேண்டும். எந்தக் கம்பியை வெட்டுவது என்று கூடப் போகிறவனுக்கு விரல் வைத்துக் காட்டுவார். என்னைக் கேட்டால், அந்தக் குறடு ஒரு பெட்டி மருந்துக்குச் சமம்.

என் அப்பாவின் தொடைக் காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டார்களாம். அலட்சியமா?

இல்லையம்மா, அதுதான் முறை. குண்டு உள்ளே போகும்போது மண்ணையும் துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். உடனே தைத்து மூடினால் உள்ளே சீழ் கட்டி அழுகிவிடும். செத்த சதையை வெட்டி எடுத்து, கட்டுப் போட்டு, நாலைந்து நாள் கழித்துக் காயம் சுத்தமாக இருந்தால்தான் தைப்பார்கள்.

காயம்பட்டவர் நெற்றியில் எழுதி அனுப்புவார்கள் என்பது நிஜமா?

நிஜம்தான். வலி தணிக்கும் மார்பின் ஊசி போட்டால் எம் என்ற எழுத்தும் நேரமும். அடுத்த இடத்தில் தெரியாமல் இன்னொரு ஊசி போட்டால் மூச்சு நின்றுவிடும்.

எதிரிக்கும் வைத்தியம் பார்த்தீர்களா?

பார்த்தோம். ஜெனிவா ஒப்பந்தப்படி காயத்தின் தீவிரம்தான் வரிசையைத் தீர்மானிக்கும், சீருடை அல்ல. அந்தப் பக்கத்து டாக்டரும் நம் ஆளுக்குப் பார்த்திருக்கிறார். கூர்க்கா படையின் மேஜர் இயன் கார்டோசோ, இன்றைய பங்களாதேஷின் சில்ஹெட் பகுதியில் கண்ணிவெடியில் சிதைந்த காலைத் தன் குக்ரியாலேயே, அதாவது கூர்க்காக்களின் வளைந்த கத்தியாலேயே, வெட்டிக்கொண்டார். அதன் பிறகு அவருக்கு அறுவை சிகிச்சை செய்தவர் நம்மிடம் கைதியாக இருந்த பாகிஸ்தான் டாக்டர், மேஜர் முகமது பஷீர். எதிரியின் கை படக் கூடாது என்று கார்டோசோ முதலில் முரண்டு பிடித்தார் என்பது வேறு கதை. ஒற்றைக் காலோடு பிற்பாடு பட்டாலியனுக்கே தலைமை தாங்கினார்.

நம் பக்கத்து டாக்டர் யாரையாவது சொல்லுங்களேன்?

ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். எங்கள் காலத்துக்கு முந்தியவர். 1950-இல் கொரியாவுக்குப் போன 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற போர்முனை மருத்துவப் பிரிவுக்குத் தலைவர். அந்தப் போருக்கு இந்தியா அனுப்பியது துப்பாக்கிப் படையை அல்ல, மருத்துவப் படையை. வட கொரியத் தலைநகர் பியாங்யாங்கிலிருந்து பின்வாங்கும்போது மருந்துகளை விட்டுவிட்டு வர மனமில்லாமல், ஒரு பழைய நீராவி எஞ்சினைப் பிடித்து, வாளி வாளியாகக் கைமாற்றித் தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்தும் வைத்தியம் பார்த்தார். வீரத்துக்கான மகாவீர் சக்கர விருது கொடுத்தார்கள்.