உள்ளேயா, வெளியேயா? நாற்காலி கேள்வி-பதில்

கேள்வி: ‘உள்ளேயும் வெளியேயும் போடலாம்’ என்று விளம்பரம் செய்த டிசைனர் நாற்காலி இரண்டு வாங்கினேன். மொட்டை மாடியில் ஒரு கோடைதான் இருந்தது. நிறம் வெளுத்து, தடவினால் கையில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. கேட்டால், ‘வாரண்டியில் நிறம் மங்குவது சேராது’ என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும். முதலில் மேற்பரப்பு தூளாகும், அப்புறம் விரிசல் விடும். இதைத் தள்ளிப்போட, வார்ப்பதற்கு முன்பே, அந்தக் கதிரின் பாதிப்பைக் குறைக்கும் யுவி ஸ்டெபிலைசர் என்ற பொருளைப் பிளாஸ்டிக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தார்களா என்று கடையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. விளம்பரப் படத்தில் நாற்காலி புல்வெளியில், உச்சி வெயிலில் பளபளக்கும். வாரண்டித் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘நேரடி வெயில் படாமல் வைக்கவும்’ என்று இருக்கும். வெயில் படாமல் வைப்பதற்கு எதற்கு ஐயா வெளியே போடும் நாற்காலி? வெளியிட நாற்காலிகளின் உறுதியைச் சோதிக்க ஐரோப்பாவில் ஈஎன் 581 என்று ஒரு தரம் இருக்கிறது. முகாம், வீடு, பொது இடம் என்று பயன்பாட்டையும் அது பிரிக்கிறது. அந்த எண் இருந்தால் நல்லது. ஆனாலும் நிறம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

விட்டுவிடாதீர்கள். அந்த விளம்பரப் படத்தைச் சேமித்து வைத்து, ‘சொன்ன பயன்பாட்டுக்குப் பொருள் உதவவில்லை’ என்று எழுத்தில் புகார் கொடுங்கள். நிறத்தைப் பற்றிப் பேசாதீர்கள், பொருள் பொடிந்துபோகிறது என்று எழுதுங்கள்.

கேள்வி: அலுமினிய நாற்காலி என்று விற்றார்கள். கால் நுனியில் செந்துரு.

பதில்: குழாயில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: தேக்கு நாற்காலி சாம்பல் நிறமாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: இல்லை. வெயில் பட்ட தேக்கு அப்படித்தான் ஆகும்.

கேள்வி: படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். சாப்பாட்டு மேசையில் போட்டால் தட்டு மார்புக்கு வருகிறது. இருக்கை உயரம் 38 செ.மீ. என்று விவரத்தில் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

பதில்: சாப்பாட்டு நாற்காலி 45 செ.மீ. சுமாருக்கு இருக்கும். நீங்கள் வாங்கியது சாய்ந்து உட்காரும் நாற்காலி. எழுதியிருந்ததைப் படிக்காமல் வாங்கிவிட்டு யார் மேல் புகார் சொல்வது? திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டதா என்றாவது பாருங்கள்.

கேள்வி: பிரம்பு மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் பின்னல் நாற்காலி மழை வெயில் தாங்குமா?

பதில்: பாலிஎத்திலீன் பின்னல் என்றால், அதிலும் யுவி ஸ்டெபிலைசர் சேர்த்திருந்தால், தாங்கும். மலிவான பிவிசி பட்டை விறைத்து நொறுங்கும். என் பால்கனியில் அப்படி ஒன்று நிற்கிறது. உட்கார்ந்து எழுந்தால் உடுப்பில் நூல் இழுக்கும், அதனால் இப்போது அதில் பூனை மட்டும்தான் உட்காருகிறது. சட்டம் என்ன உலோகம் என்றும் கேளுங்கள். பின்னலுக்கு அடியில் இரும்பு இருந்தால், துரு வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும்.