சென்னையில் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த டயர்: சம்மரா, ஆல் சீசனா, விண்டரா?

கேள்வி இதுதான்: செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே 718 கேமன் வாங்கியிருக்கிறீர்கள். 19 இன்ச் வீல், முன்னால் 235/40, பின்னால் 265/40. நாலு டயரும் மாற்றியாக வேண்டும். நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் "ஆல் சீசன் போட்டுடு மாப்ளே, வருஷம் பூரா கவலையில்ல" என்கிறார். ஜிபி ரோடு கடைக்காரர் சம்மர் டயர்தான் என்கிறார். உங்கள் பயம், ஐப்பசி கார்த்திகை மழையில் சம்மர் டயர் வழுக்கிவிடுமோ, அதற்கு விண்டர் டயரே மேலோ என்று.

கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். மச்சான் சொல்வதும் தப்பில்லை, அவர் ஊருக்கு.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் சில வருஷம் குப்பை கொட்டிவிட்டு இப்போது ஒரகடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே அக்டோபர் பிறந்தால் டயர்க் கடை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஈஸ்டர் வரைக்கும் விண்டர் டயர்தான். கழற்றிய சம்மர் டயர்களை அடுத்த வசந்தம் வரை வாடகைக்கு அடுக்கி வைத்துக்கொள்ளவே தனிக் கிடங்குகள் உண்டு. 2010-லிருந்து சட்டமும் இருக்கிறது. பனி படிந்த சாலையில் சம்மர் டயரோடு மாட்டினால் 60 யூரோ அபராதம், கூடவே லைசன்ஸ் கணக்கில் ஒரு தண்டனைப் புள்ளி.

இத்தனை கெடுபிடிக்கும் காரணம் ரப்பர் கலவை. மார்கழி விடியற்காலையில் பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்கிறதே, அது போலத்தான். சம்மர் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் விறைத்துப்போய் சாலையைப் பிடிக்காது. விண்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதில் சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகளில் கத்தியால் கீறிய மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனியைக் கவ்வுவதற்காக வைத்தவை அவை.

இதே டயரைச் சென்னைக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? நமக்கு மார்கழியிலேயே 20 டிகிரி. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட மதியத்தில் தார்ச்சாலை 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். கீறி வைத்த அந்த இளகிய கட்டைகள் ஒவ்வொரு திருப்பத்திலும் நெளியும். பிரேக் அடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். ரப்பர் மளமளவென்று தேயும். மழையிலும் கதை மாறாது, ஏனென்றால் நம் மழை சூடான சாலையில் பெய்யும் மழை. விண்டர் டயர் மழைக்கு நல்லது என்று நீங்கள் படித்தது 4, 5 டிகிரியில் பெய்யும் மழையைப் பற்றி. வெதுவெதுப்பான ஈரச் சாலையில் நல்ல சம்மர் டயரின் பிடி மற்ற இரண்டையும் விட மேல். அதன் ரப்பர் கலவையும், தண்ணீரை வெளியே தள்ளும் அகலமான நீளப் பள்ளங்களும் அப்படிப்பட்ட சாலைக்கென்றே அமைத்தவை.

ஆல் சீசன் என்பது ஜனவரியில் லேசான பனியையும் ஜூலையில் 35 டிகிரியையும் ஒரே டயரில் ஒப்பேற்றுகிற சமரசம். நியூ ஜெர்சியில் ஆபீஸுக்கு ஓட்டும் செடானுக்கு அது சரி. பனியே விழாத ஊரில், பிடிமானத்துக்காகவே காசு கொட்டி வாங்கிய வண்டியில், பனிக்காகப் பிடிமானத்தை விட்டுக்கொடுப்பது எதற்கு? ஊட்டிக்குப் போவேன் என்பீர்கள். தலைகுந்தாவில் ஜனவரிக் காலையில் புல்மேல் உறைபனி படியும், உண்மைதான். அன்று காலை கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் போங்கள், போதும். ஏற்காடு, கொல்லிமலை வளைவுகளுக்கெல்லாம் சம்மர் டயர்தான் ராஜா.

ஆக, வகை எது என்பது சென்னையில் ஒரு நிமிஷத்தில் முடிகிற விஷயம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வயதையும் பள்ளத்தின் ஆழத்தையும் பற்றித்தான் மண்டையை உடைத்துக்கொள்வேன்.

முதலில் வயது. இந்த மாதிரி வண்டி ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஈசிஆரில் மகாபலிபுரம் வரை போய்வரும், மீதி நாளெல்லாம் பார்க்கிங்கில் கவர் போட்டு நிற்கும். டயர் தேயவே தேயாது. ஆனால் நம் ஊர் வெக்கையில் ரப்பர் சும்மா நின்றே கெட்டிப்படும். பார்வைக்குப் புதுசு, தொட்டால் பிளாஸ்டிக். டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு சின்ன நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2223 என்றால் 2023-ஆம் வருஷத்து 22-ஆவது வாரம் செய்தது. டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுதாக இருக்கும், மாட்டிய பிறகு உள்பக்கம் போய்விட்டால் குனிந்து செல்போன் டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான். அதனால் மாட்டும் முன்பே, தரையில் படுக்கப் போட்டிருக்கும்போதே நாலையும் பாருங்கள். பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், 2020 ஜூனிலிருந்து புது கார் டயர் இறக்குமதிக்கு லைசன்ஸ் வேண்டும். டயர்த் தொழிலுக்குப் பேர் போன ஊர் நம்முடையது, எம்ஆர்எஃப்பே திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்து தொடங்கிய கம்பெனிதான். ஆனாலும் பக்கவாட்டில் என்0, என்1 (N0, N1) என்று போர்ஷேயின் முத்திரை வாங்கிய டயர் கப்பலில் வந்தால்தான் உண்டு. ஸ்டாக் இல்லாதபோது "சார், இது ஃப்ரெஷ் பீஸ்" என்று மூன்று வருஷம் கோடவுனில் கிடந்ததை எடுத்துப் போடுவார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பழசானால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இரண்டு தாண்டினால் நான் வாங்க மாட்டேன். மாட்டிய பிறகு, தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் ஐந்தாறு வருஷத்தில் மாற்றிவிடுவேன். இது என் கணக்கு, கம்பெனிகள் இன்னும் தாராளமாகவே சொல்லும்.

அடுத்தது ஆழம். சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தால் போதும். அந்த டயரோடு கார்த்திகை மழையில் ஓஎம்ஆரில் இறங்காதீர்கள். சென்னைக்கு வருஷத்தில் பெய்யும் சுமார் 1400 மி.மீ. மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இடது லேனில் தண்ணீர் ஓரமாகத் தேங்கி நிற்பது ராத்திரி விளக்கில் தெரியவே தெரியாது. விமான டயர்களை வைத்து நாசா 1960-களில் கண்டுபிடித்த கணக்கு ஒன்று உண்டு. பள்ளத்தின் ஆழத்தைவிடத் தண்ணீர் அதிகமாக இருந்தால், 33 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் மணிக்கு சுமார் 95 கி.மீ. வேகத்தில் சாலையை விட்டுத் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். 265 மி.மீ. அகல டயர் தேய்ந்திருந்தால் அதற்கு முன்பே மிதக்கலாம். எடை குறைந்த வண்டி, அகலமான டயர், இரண்டும் மழையில் நமக்கு எதிரி. அந்த நேரத்தில் ஸ்டீயரிங் திடீரென்று காற்றில் சுற்றுவது போல இலேசாகிவிடும். பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மெல்ல விடுவதுதான் ஒரே வழி. என் வண்டியில் 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுவேன். அளக்கும் கருவி ஜிபி ரோட்டிலேயே சல்லிசாகக் கிடைக்கும்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பார்த்தேன் என்று, பந்தய டயர் மாதிரியான அரை ஸ்லிக் டயர் மாட்ட ஆசை வரும். வேண்டாம். அதில் தண்ணீர் போகப் பள்ளமே குறைவு. டிராக் நாளுக்குத் தனி செட் வைத்துக்கொள்ள வசதி இருந்தால் வேறு விஷயம்.

காசு பத்தவில்லை, இப்போதைக்கு இரண்டுதான் மாற்ற முடியும் என்றால் புதுசு பின்னால் போக வேண்டும். இன்ஜின் நடுவில் இருக்கும் வண்டி, பின்பக்கம் பிடி விட்டால் சுழன்றுவிடும். முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போடவும் முடியாது. முன்னால் ஆல் சீசன், பின்னால் சம்மர் என்ற கலப்படம் மட்டும் கூடவே கூடாது.

காற்று விஷயத்தில் பங்க்கில் பையன் எல்லா வண்டிக்கும் 35 வைப்பான். கதவோர ஸ்டிக்கரில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி எண் இருக்கும், வண்டி ஓடிச் சூடாகும் முன் அதைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். காற்று குறைந்தால் பக்கவாட்டு உயரம் குறைந்த இந்த 40 சீரிஸ் டயர் மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் ஒரே குழியில் பக்கவாட்டில் புடைத்துக்கொள்ளும். புடைத்த டயரை ஒட்டவும் முடியாது, நம்பவும் முடியாது.

கேமனில் ஸ்டெப்னி கிடையாது, ஒரு பாட்டில் சீலன்ட்டும் குட்டி கம்ப்ரெசரும்தான். ஆணி குத்தினால் சமாளிக்கலாம், பக்கவாட்டு கிழிந்தால் அது உதவாது. சீலன்ட் பாட்டிலிலும் காலாவதித் தேதி இருக்கும், செகண்ட் ஹேண்ட் வண்டியில் அது அநேகமாகத் தாண்டியிருக்கும். டயர் மாற்றும் அன்றே அதையும் பார்த்துவிடுங்கள்.