பேப்பரா, பேட்டன்டா, பட்டறையா?

கேள்வி: ஐயா, நானோ தொழில்நுட்பத்தில் பிஎச்.டி. முடிக்கும் நிலையில் இருக்கிறேன். மரவள்ளி ஸ்டார்ச்சில் வெள்ளி நானோ துகள்களைச் சேர்த்து, சர்க்கரைப் புண்ணுக்குப் போடும் மெல்லிய படலம் செய்திருக்கிறேன். லேபில் கிருமிகளை நன்றாகக் கொல்கிறது. கைடு, "உடனே ஆராய்ச்சிப் பேப்பர் போடு" என்கிறார். நண்பர்கள் ஸ்டார்ட்அப் என்கிறார்கள். அப்பாவோ, "பேசாமல் கொலுசுப் பட்டறைக்கு வா" என்கிறார். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், சிவதாபுரம்

பதில்: தம்பி, அப்பாவின் பட்டறைக்கும் உங்கள் லேபுக்கும் சரக்கு ஒன்றுதான், அளவுதான் வேறு. அவரிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பேப்பரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அச்சில் வந்துவிட்ட விஷயத்துக்குப் பேட்டன்ட் வாங்குவது பெரும்பாடு. தற்காலிக விண்ணப்பத்தை ஆன்லைனில் போட தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரம் தர 12 மாத அவகாசம். போட்ட மறுநாளே பேப்பரை அனுப்பலாம், கைடுக்கும் சந்தோஷம். பல்கலைக்கழகத்துக்கு இதில் என்ன உரிமை என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆனால் ஸ்டார்ச்சும் பழசு, வெள்ளியும் பழசு. இரண்டையும் கலந்தேன் என்று மட்டும் எழுதினால், 'வெறும் கலவை' என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(e) பிரிவைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். சேர்ந்ததால் புதிதாக என்ன வந்தது என்று காட்ட வேண்டும்.

நான் டிரெஸ்ஸிங் தயாரிக்கும் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்த்து ஓய்வு பெற்றவன். கிருமி செத்ததா என்று கடைசியில்தான் கேட்பேன். படலத்தை எப்படி ஸ்டெரிலைஸ் செய்வீர்கள்? ஆட்டோகிளேவில் வைத்தால் நீராவியில் ஸ்டார்ச் கூழாகிவிடும். காமா கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டும்; படலம் நொறுங்கலாம். எத்திலீன் ஆக்சைடு என்றால் வாயு மிச்சமில்லாமல் வெளியேற வேண்டும். இதற்கு விடை கிடைக்காமலே எத்தனையோ நல்ல ஆராய்ச்சிகள் தீசிஸ் அலமாரியில் தூங்குகின்றன. மாவிலும் வம்பு இருக்கிறது. கிழங்கின் ரகமும் வயதும் மாறினால் ஸ்டார்ச்சின் குணமும் மாறும். வெளுக்க எதுவும் சேர்க்காத மாவு என்று ஆலையில் எழுதி வாங்குங்கள். கரைசல் பழுப்பு மஞ்சளானது, ஒளி உறிஞ்சும் சோதனையில் 400 நானோமீட்டர் பக்கம் ஒரு உச்சி வந்தது என்பதோடு திருப்திப்படாதீர்கள். ஒவ்வொரு தடவையும் துகள் அதே அளவில் வருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், முறையாக அனுமதி வாங்கி, சேலம் அரசு மருத்துவமனையில் கட்டு மாற்றும் சிஸ்டர் பக்கத்தில் சில நாள் நில்லுங்கள். சர்க்கரைப் புண் நீர் விடும். படலம் அதில் இளகி ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது புதுத் தோலும் சேர்ந்து வரும். பல நோயாளிகளுக்குக் காலில் உணர்ச்சி இருக்காது, கத்தக்கூட மாட்டார்கள். வெள்ளி டிரெஸ்ஸிங் ஏற்கெனவே கடையில் கிடைக்கிறது. அதைவிட உங்களுடையது எதில் மேல் என்பதை அந்த சிஸ்டர்தான் சொல்ல முடியும்.

கம்பெனிப் பதிவை ஸ்டெரிலைஸ் சோதனை முடியும்வரை தள்ளிப்போடுங்கள். முடிவு நன்றாக வந்தால் உயிரித் தொழில்நுட்பப் புதுமுயற்சிகளுக்கு உதவும் மத்திய அரசின் பைராக் (BIRAC) அமைப்பின் 'பிக்' (BIG) நிதிக்கு விண்ணப்பிக்கலாம். 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை. 2017 மருத்துவக் கருவி விதிகளில் ஆபத்தின் அளவைப் பொறுத்துப் பிரித்த ஏ முதல் டி வரை எந்த வகுப்பில் வருவீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சி, டி என்றால் தயாரிப்பு உரிமம் மத்திய அரசிடம். அவசரமே வேண்டாம். திருவனந்தபுரத்தில் இதய அறுவை மருத்துவர் வலியத்தான் குழு 1970களில் தொடங்கிய இதய வால்வு, முதல் மாதிரிகள் தோற்று, 1990 டிசம்பரில்தான் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லி இரண்டு வருடம் கேளுங்கள்.

கேள்வி: பிளஸ் டூ முடிக்கும் மகளை பி.டெக். நானோ தொழில்நுட்பத்தில் சேர்க்கலாமா?
- ஒரு தாய், ஏற்காடு

பதில்: இப்போதே வேண்டாம்மா. வேதியியலோ பயோமெடிக்கலோ படிக்கட்டும், நானோவை முதுகலையில் பார்த்துக்கொள்ளலாம். பயோமெடிக்கல் என்றால், மாணவர்களை வென்டிலேட்டரைத் திறந்து பார்க்க விடுகிற கல்லூரியா என்று சீனியர்களிடம் கேட்டுவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.